முடிச்சண்ணனும் வெள்ளை அடித்த மரங்களும்

"காலை நீட்டுங்க சார்."

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் காலை நீட்டினார். முடிச்சண்ணன் குனிந்து, அவருடைய ஷூ லேஸ் முடிச்சை இரண்டு விரலால் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். முடிச்சு அவிழ்ந்து தொங்கியது. கூடவே மேலாளரின் முகமும்.

"யாரு போட்டது இது?"

"நான்தான். சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான் போடுறேன்."

"அப்ப சின்ன வயசுலேர்ந்து தப்பாப் போட்டிருக்கீங்க. பரவால்ல, இன்னிக்கி ஒரு நாள் சரியாப் போட்டுப் பாருங்க. காலு ஒண்ணும் கோவிச்சுக்காது."

வரிசையில் அடுத்து நின்றவன் ஒரு புதுமாப்பிள்ளை. கொஞ்சம் விவரமான பிள்ளை. அண்ணன் குனிவதற்கு முன்பே தன் முடிச்சைத் தானே இழுத்துக் காட்டி, "பாருங்க, கல்லு மாதிரி இருக்கு" என்றான்.

"நீங்க இழுத்தா எப்படித் தம்பி அவிழும்? அது உங்க முடிச்சு. உங்களுக்கு விசுவாசமாத்தான் இருக்கும்." சொல்லிக்கொண்டே அண்ணன் இழுக்க, கல் கரைந்து தரையில் கிடந்தது. புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கணவன் ஃபெயிலான முதல் பரீட்சை அதுதான்.

மலை மேல் இருக்கும் அந்த விடுதியின் முன்கூடத்தில் இலையுதிர் காலம் முழுக்கக் காலைப் பொழுது இப்படித்தான் தொடங்கும். ஈரக் காலுறைகள் அடுப்புக் குழாய் மேல் காய்ந்துகொண்டிருக்கும். சுவரோரம் ஊன்றுகோல்கள் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி சாய்ந்து நிற்கும். கல்லாவுக்குப் பின்னால் அண்ணனின் தங்கை ரொட்டியையும் அவித்த முட்டையையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பாள். விடுதி அவளுடையது. நடை அண்ணனுடையது. வேன் அவள் கணவருடையது. இந்த மூன்றில் ஒன்று மக்கர் செய்தாலும் மற்ற இரண்டும் படுத்துவிடும்.

அண்ணனுக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வரி ரசீதில் மட்டும் வரும். மலைக்கு அவர் முடிச்சண்ணன். தங்கைக்கு 'அண்ணா'. தங்கை கணவருக்கு 'மச்சான்'. அந்தத் தங்கைக்குத் தலை பாதி நரைத்துவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆனாலும் அண்ணனுக்கு இன்னும் அவள் 'பாப்பா'. விருந்தினர் முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்று அவளும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள்.

அங்கே நடக்க மூன்று வழிகள். ஏரியைச் சுற்றி வருவது ஒன்று. முழங்கால் வலிக்காரர்களுக்கும், சண்டை போட்டுக்கொண்டு வந்த ஜோடிகளுக்கும் ஏற்றது. சண்டை ஓயும்வரை சுற்றிக்கொண்டே இருக்கலாம். உச்சிப் பாறைக்குப் போவது இன்னொன்று. போட்டோ எடுக்கத்தான் அங்கே போவார்கள், எடுத்ததும் இறங்கிவிடுவார்கள். மூன்றாவதுதான் சிவந்த காட்டு வழி. அதற்காகத்தான் ஆட்கள் மலைக்கே வருகிறார்கள். இலையுதிர் காலத்தில் அந்தச் சரிவு முழுக்க இலை பழுத்து, மேலேயும் சிவப்பு, கீழேயும் சிவப்பு, நடுவில் நடக்கிறவன் முகத்திலும் சிவப்பு. போன வருஷம் வந்தவர்கள் இந்த வருஷமும் வந்து அதே மரத்தடியில் நின்று அதே 'அடடா'வைப் போடுகிறார்கள். விடுதியில் அறை கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவர்களின் முதல் கேள்வியே அந்தக் காட்டைப் பற்றித்தான். வெந்நீர் வருமா என்பது இரண்டாவது கேள்வி.

முடிச்சண்ணன் எதையும் நம்ப மாட்டார். வானம் பளிச்சென்று இருந்தால், "சும்மா இளிக்குது, உள்ள ஏதோ வெச்சிருக்கு" என்பார். டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கினால் கடையிலேயே நாக்கில் வைத்துப் பார்ப்பார். அவித்த முட்டையைக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். தங்கை கணவர் வேனை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்த கையோடு, இவர் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்.

"மச்சான், பிரேக் போட்டிருக்கேன்."

"போடுங்க மாப்ளே, வேணாம்னு யாரு சொன்னா. நான் கல்லும் போடுறேன்."

"என்னைய நம்பலையா?"

"உங்கள நம்புறேன். பிரேக்கத்தான் நம்பல. அதச் செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியாது."

டாக்டர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டவுனில் இருக்கும் பல் டாக்டர் மிட்டாய்க் கடைக்காரனோடு கூட்டு என்று தீர்மானமாகச் சொல்வார். கண் டாக்டர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரனுக்கு மச்சானாம். எலும்பு டாக்டர் யாரோடு கூட்டு என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாடிப்படி கட்டுறவனோட" என்றார்.

சந்தேகம் அந்தக் குடும்பத்தில் சொத்து மாதிரி. அப்பா பாகம் பிரித்தபோது அண்ணனுக்குக் கொஞ்சம் கூடவே போய்விட்டது, அவ்வளவுதான். தங்கைக்கும் குறைவில்லாமல்தான் வந்தது. பால்காரர் சிரித்தால் பாலை அளந்து பார்ப்பாள். மற்றபடி நிலத்தை அப்பா நேர்மையாகவே பிரித்திருந்தார்: விடுதி நிற்கும் கீழ்ப்பகுதி மகள் பேரில், சிவந்த காடு நிற்கும் மேல் சரிவு மகன் பேரில்.

இந்த வருஷம் இலை சிவக்கத் தொடங்கியதிலிருந்தே அண்ணனின் போக்கு தங்கைக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் ஜன்னல். "என்ன பாப்பா, கண்ணாடியெல்லாம் துடைக்கிறதே இல்லையா? அழுக்கு அப்பிக் கிடக்கு" என்றார். அவள் துடைத்தாள். மறுநாளும் அதையே சொன்னார். சோப்புத் தண்ணீர், பழைய செய்தித்தாள் என்று எல்லாம் போட்டுத் தேய்த்தாள். ஒரு குருவி, அங்கே கண்ணாடி இருப்பதே தெரியாமல் வந்து முட்டிக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் அண்ணன் வந்து சட்டைக் கையால் ஒரு துடைப்புத் துடைத்து, "ம்ஹூம்" என்றார். என் வேலையில் குறை கண்டுபிடிக்கவென்றே கிளம்பியிருக்கிறான் என்று அவளுக்கு மூக்கு விடைத்தது.

அடுத்து பல்பு. கம்பெனிக்காரன் வெளிச்சத்தில் கலப்படம் செய்கிறானாம். கூடத்தில் இருந்த பல்பை எல்லாம் பெரிதாக மாற்றச் சொன்னார். மாற்றியதும், விருந்தினர் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டீ குடிக்க வேண்டியிருந்தது.

பிறகு மூடுபனி. இந்த விஷயத்தில்தான் விடுதிக்கே கெட்ட பெயர் வரும்போலிருந்தது. சிவந்த காட்டுக்குப் போக எல்லாரும் லேஸ் பரீட்சையில் தேறி வாசலில் நிற்பார்கள். அண்ணன் வெளியே போய்ச் சரிவைப் பார்ப்பார். திரும்பி வருவார். "இன்னிக்கு வேணாம். மேல ஒரே மூடுபனி. ஏரிக்குப் போலாம்."

வங்கி மேலாளர் எட்டிப் பார்த்தார். சரிவு கழுவித் துடைத்த தட்டு மாதிரி தெரிந்தது. "பனியா? எங்கங்க?"

"வந்துகிட்டிருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"முடிச்சே சரியாப் போடத் தெரியல, பனி தெரியப் போவுதா உங்களுக்கு?" என்று அண்ணன் வாயை அடைத்துவிட்டார். மேலாளர் ஏரியைச் சுற்றினார். மறுநாளும் சுற்றினார். ஏரியில் உள்ள வாத்துகள் அவரை அடையாளம் கண்டு கரைக்கே வந்துவிட்டன. "அந்தக் காட்டைப் பாக்கத்தானேம்மா வந்தோம்" என்று அவர் கல்லாவில் வந்து சொன்னபோது தங்கை அவருக்கு இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

வேறொன்றும் அவள் கண்ணில் பட்டது. நடை முடிந்து, சாப்பாடும் முடிந்து, வழக்கமாக அண்ணன் குறட்டை விடும் நேரத்தில் இப்போதெல்லாம் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக மேலே போகிறார். திரும்பி வரும்போது பெயின்ட் தின்னர் வாசனை அடிக்கிறது. நகக்கண்ணில் வெள்ளை.

"கையில என்னண்ணா அது?"

"எது? இதா? புறா எச்சம்."

"எந்தப் புறா உள்ளங்கைக்குள்ள வந்து போச்சு?"

"கைய நீட்டினேன், போச்சு" என்றார் அண்ணன். என்றவர் நிற்கவில்லை. நின்று சண்டை போடாத அண்ணனை அவள் அன்றுதான் பார்த்தாள்.

ஏரியை வாத்துகளோடு மூன்றாம் முறையாகச் சுற்ற எல்லாரும் போயிருந்த ஒரு முற்பகலில் மரக் காண்ட்ராக்டர் வந்து சேர்ந்தார். குழைந்து குழைந்து பேசுகிற மனிதர். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"என்னம்மா, நமக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மரத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சே."

"என்னத்தை?"

"மேல் சரிவுலதான். கீழ் வளைவுலேர்ந்து வரிசையா வெள்ளை அடிச்சிருக்கே. எல்லாம் ஒண்ணாம் நம்பர் மரம். உங்கண்ணனுக்குக் கண்ணு நல்லா இருக்கும்மா, பொறுக்கிப் பொறுக்கி அடிச்சிருக்காரு."

தங்கை கையில் இருந்த முட்டை பொட்டலத்துக்குள் நசுங்கியது. அந்த மலையில் ஒரு மரத்துக்கு வெள்ளை அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சொந்தக்காரர் விற்கச் சம்மதித்துவிட்டார், ரம்பம் வரலாம். பேச்சு, கையெழுத்து எல்லாம் அப்புறம். வெள்ளைதான் முதல் வார்த்தை. மழைத் தண்ணீரில் கலைந்துவிட்ட குறியைக்கூட சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஆள் போய்ச் சொல்லித்தான் ரத்து செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"வார ஆரம்பத்துல ஆளுங்கள அனுப்பட்டுமா? இல்ல அண்ணன்கிட்டயே பேசிக்கட்டுமா?"

"நான் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

அவர் போன பிறகு, போன குளிர்காலத்தில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அண்ணன் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. "இந்த நடையெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு பாப்பா?" அன்று அவள் அதைக் குளிரில் வந்த சலிப்பு என்று நினைத்தாள். இப்போது கூட்டிப் பார்த்தால் விடை வேறு மாதிரி வந்தது. பனி என்று சொல்லி விருந்தினரைக் காட்டுக்குள் விடாதது, மதியத்தில் பையோடு கிளம்புவது, புறா. எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டின. காடு போய்விட்டால் ஏரியைச் சுற்ற யார் மலையேறி வரப்போகிறார்கள்? வாத்து எல்லா ஊரிலும் இருக்கிறது. அடுத்த வருஷம் தொலைபேசி அடிக்கும், காடு உண்டா என்று கேட்பார்கள், இல்லை என்று சொன்னதும் வெந்நீரைப் பற்றிக்கூடக் கேட்காமல் வைத்துவிடுவார்கள். அறைகளைப் பூட்டிவிட்டு அவளும் அவரும் வேனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கணவரிடம் சொன்னாள். அவர் வேனுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"மச்சானா? மரத்தையா? அவரு அறுந்துபோன லேஸையே தூக்கிப் போட மாட்டாரு. போய் வேலையப் பாரு."

"அப்ப வெள்ளை யாரு அடிச்சா? பேயா?"

"நேரா கேட்டுடேன்."

"கேட்டா சொல்லிட்டுத்தான் மறுவேலை பாப்பாரு. புறான்னவரு நாளைக்கு கழுகுன்னுவாரு."

"அப்படின்னா போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தலை உள்ளே போய்விட்டது.

மறுநாள் மதியம் அவள் போய்ப் பார்த்தாள். கணவரின் பழைய பழுப்புக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, அண்ணன் வளைவு திரும்பும்வரை காத்திருந்து, பின்னாலேயே ஏறினாள். ஒளிந்து பின்தொடரக் காடு உதவவே இல்லை. உதிர்ந்த இலை ஒவ்வொன்றும் அப்பளம் மாதிரி நொறுங்கிக் காட்டிக்கொடுத்தது. அதனால் அண்ணன் நடக்கும்போது நடந்தாள், நிற்கும்போது நின்றாள். சின்ன வயதில் இரண்டு பேரும் விளையாடிய விளையாட்டு அது. அப்போதெல்லாம் தோற்பது அவள்தான்.

அண்ணன் சட்டென்று நின்றார். அவள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள்.

"யாரது?" என்றார் திரும்பாமல். "நரியா இருந்தா போ. மனுஷனா இருந்தா பேசு."

வந்த கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நரியாகவே இருந்துவிட்டாள்.

மேல் சரிவில் மரக் காண்ட்ராக்டர் சொன்னது அப்படியே இருந்தது. மரத்துக்கு மரம், உள்ளங்கை அளவுக்கு வெள்ளை. புது வெள்ளை. அண்ணன் பையிலிருந்து டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தார். அடுத்த மரத்திடம் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். பட்டையை மேலும் கீழும் தடவினார். விற்கிறவன்தான் அப்படித் தடவித் தரம் பார்ப்பான் என்று அவள் பல்லை நறநறத்தாள்.

கை ஓர் இடத்தில் நின்றது. விரல்கள் அங்கேயே திரும்பத் திரும்பத் தடவின. அந்த இடத்துக்குச் சற்று மேலே பிரஷ் வெள்ளையை வைத்தது.

அவள் நின்ற இடத்திலிருந்தே, விரலுக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரிந்தது. பழைய சிவப்புக் குறி. நடக்கிறவர்களுக்கு வழி காட்ட எந்தக் காலத்திலோ அப்பா அடித்தது. வெளுத்திருந்தது, காய்ந்து செதில் செதிலாக எழும்பியிருந்தது, ஆனாலும் சுற்றியிருந்த சிவப்பு இலைகளுக்கு நடுவே அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு தள்ளி நின்ற அவளுக்கே தெரிந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் நின்ற அண்ணன் அதை ஏன் தடவித் தேடினார்?

வழி வளைந்து திரும்பியதில், அடுத்த மரம் அவள் ஒளிந்திருந்த மரமாகவே வந்தது. அண்ணன் நேராக வந்தார். அவள் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டாள். முகமும் ஒரு கையும் மரத்தைத் தாண்டி முன்பக்கம் வந்திருந்தன, இழுத்துக்கொள்ள நேரம் இல்லை. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும், கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தாள். 'அப்பா வெச்ச மரத்த விக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு' என்பதுதான் முதல் வரி.

அண்ணன் தலையை நிமிர்த்தினார். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். மூச்சுக்காற்று படும் தூரம். கண்கள் அவள் மேல் வந்தன, நின்றன, கடந்து போய்விட்டன. நெற்றியைச் சுருக்கி, பனியை விலக்குகிற மாதிரி முகத்துக்கு முன்னால் கையை ஒரு முறை வீசினார். பட்டையில் பழைய குறியைத் தேடிப் பிடித்து, பிரஷ்ஷை வைத்தார். பாதி வெள்ளை மரத்தில் விழுந்தது. மீதிப் பாதி அவளுடைய கோட்டுக் கையில்.

பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அடுத்த மரத்துக்குக் கையை முன்னால் நீட்டியபடி போனார்.

அவள் நாக்கு நுனியில் வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலில் அழுக்கு இருந்ததே இல்லை. பல்பில் கலப்படம் இல்லை. வெயில் அடிக்கும் சரிவில் அண்ணன் பார்த்த பனி எங்கே இறங்கியிருந்தது என்பதும் புரிந்தது. பேட்டரியிலிருந்து பிரேக் வரை உலகத்தில் உள்ள அத்தனையையும் சந்தேகப்பட்டவர், தன் கண் ஒன்றை மட்டும் கடைசிவரை நம்பியிருக்கிறார். அது சரியில்லை என்று தெரிந்த பிறகும் யாரிடமும் சொல்லாமல், தனியாக வந்து, வெள்ளைக்கு அந்த மலையில் என்ன அர்த்தம் என்பதையும் மறந்து, தனக்குத் தெரிகிற ஒரே நிறத்தில் காட்டுக்கே எழுத்துக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அண்ணன் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவள் ஒரு துணியை எடுத்து, பளபளத்துக்கொண்டிருந்த ஜன்னலை மறுபடி துடைத்தாள்.

"இப்பக் கொஞ்சம் பரவால்ல" என்றார் அண்ணன்.

"ம்" என்றாள். திரும்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள்.

காலையில் வானம் நன்றாக இளித்தது. வங்கி மேலாளர், புதுமாப்பிள்ளை, புதுப்பெண் மூவரும் முன்கூடத்தில் வரிசையாக நின்றார்கள். ஊருக்குத் திரும்புமுன் அவர்களுக்கு அதுதான் கடைசி நாள். "இன்னிக்காவது?" என்று மேலாளர் தயங்கியபடி கேட்டார். அண்ணன் வாசலுக்குப் போய்ச் சரிவைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"இன்னிக்கு சிவந்த காடுதான். நானும் வரேன்."

வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த கணவர் சுழற்றுவதை நிறுத்தினார். "நீயா? மாடி ஏறினாலே உனக்கு டீ போட்டுக் குடுக்கணும்."

"நீங்க காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. அந்த வெள்ளை வெட்டுறதுக்கு இல்ல, நடக்கிறதுக்குன்னு. ரம்பத்தோட எவனாவது ஏறினா நான் அங்கதான் நிப்பேன்னும் சொல்லுங்க."

அண்ணனின் முகம் மாறியது. அவளை வாசலுக்கு வெளியே கூட்டிப் போனார். சந்தேகம் வந்தால் அவருக்கு ஒரு பக்கப் புருவம் தானாக ஏறும். அது ஏறிக்கொண்டிருந்தது.

"காண்ட்ராக்டர் எங்க வந்தான் இதுல? உனக்கு என்ன தெரியும்?"

"குறியெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கே. ஒண்ணு மட்டும் எடம் மாறிப் போச்சு." அதே பழுப்புக் கோட்டைத்தான் மாட்டியிருந்தாள்; அதன் கையை நீட்டினாள்.

அவருக்கு வெள்ளை தெரிந்தது. தெரியத்தான் செய்யும். கட்டைவிரலால் தடவினார். காய்ந்த பெயின்ட்டுக்கு அடியில் பட்டை இல்லை, கம்பளி. அதற்கும் அடியில் தங்கையின் கை. அவர் விரலை எடுக்கவில்லை. ஏறிய புருவம் மெல்ல இறங்கியது.

"நரின்னு நெனச்சேன்" என்றார்.

"நரிதான்."

"எவ்வளவு நேரம் நின்னே?"

"போதுமான நேரம். டவுனுக்குப் போறோம். கண் டாக்டர்கிட்ட."

"அவன் கண்ணாடிக் கடைக்காரனோட..."

"இருக்கட்டும். அந்தக் கடைக்காரனும் பொழைச்சுப் போறான். நீ வாய மூடிக்கிட்டு வந்தாப் போதும்."

அண்ணன் சரிவின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அங்கே என்ன தெரிந்ததோ. "வழி காட்டலைன்னா எனக்கு இங்க என்ன வேலை பாப்பா?" என்றார். போன குளிர்காலத்தில் அடுப்பு முன்னால் கேட்ட அதே குரல்.

"ஏன், முடிச்சு யாரு பாக்கிறது? எனக்குத் தெரியுமா அதெல்லாம்? நான் முன்னாடி போறேன். வழி நான் பாத்துக்கிறேன். பின்னாடி எவனாவது நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுத் தொலைஞ்சு போவான், அவனத் தள்ளிக்கிட்டு வர எனக்கு ஆளு வேணும்." சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து முதுகில் விழும்படி கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். மேஜைத் துணியா அது, அறைக்குக் கொடுக்கும் துண்டா என்று மேலாளர் உற்றுப் பார்த்தார். யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை.

அண்ணன் உள்ளே வந்தார். வழக்கம்போல வரிசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கினார். மேலாளரின் முடிச்சை இழுத்தார். அவிழவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அப்போதும் அவிழவில்லை. மேலாளர் பதக்கம் வாங்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். புதுமாப்பிள்ளையின் முடிச்சும் தாங்கியது. "இது நீங்க போட்டதில்லையே" என்றார் அண்ணன். புதுப்பெண் வேறு பக்கம் பார்த்தாள். அவளுடையதையும் இழுத்துப் பார்த்தார். போகிற போக்கில் தங்கை கணவரின் காலையும் விடவில்லை. "நான் வேன்ல போறேன் மச்சான்!" "பிரேக்க மிதிக்கிற காலு, நீட்டுங்க."

கடைசியில், கதவை ஒட்டி முதல் ஆளாகத் தங்கை நின்றாள். அடுக்களையிலிருந்து அவசரமாக வந்தவளின் லேஸ் ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குட்டையாகவும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பிள்ளை போட்டது மாதிரி கிடந்தது. அவள் காலை நீட்டினாள்.

அண்ணன் குனியப் போனவர் பாதியில் நின்றார். நிமிர்ந்தார். அந்தக் காலைத் தாண்டிப் போய், அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். எல்லாரும் வெளியே போகும்வரை அங்கேயே இருந்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.